ஆறாம் வாரம்: மிளகாய் கருக்குதல்

மெரிடா நகரத்துப் பொது மருத்துவமனையில்
பழைய சலவை அறையைக் காலி செய்து
நான்கு அடுப்பு போட்டுத் தந்தார்கள்.
வியாழன்தோறும் மூன்று மணிக்கு
எட்டு மருத்துவர், எட்டு நோயாளி,
ஒரு தராசு.

முதல் நாள் வெங்காயம்.
கத்தியைப் பேனாவைப்போலப் பிடித்திருந்தேன்.
துறைமுக ஓட்டலில் அடுப்பாண்ட பிரிசெய்தா
ஒன்றும் சொல்லாமல்
என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தாள்,
காயத்துக்குக் கட்டு மாற்றுகிறவளைப் போல.

பதினோரு வருடமாக
"மாவுச்சத்தைக் குறைக்கவும்" என்று எழுதி
கையெழுத்தின் கீழ் முத்திரையும் குத்தியிருக்கிறேன்.
ஏட்டில் நான் நட்ட சுரைக்காய்கள்
யுகடான் முழுக்கக் காய்த்துக் கிடக்கும்,
ஒரு கறிக்கும் ஆகாமல்.

எலெயுதேரியோ சாப்லே என் நோயாளி.
மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார்.
இடது காலில் இரண்டு விரல் இல்லை.
அறுவைக்கு அனுப்பிய சீட்டு
என் கையெழுத்துதான்.

ஒரு வேளைக்கு எத்தனை சோள ரொட்டி என்று
இரண்டாம் வாரம் கேட்டேன்.
"துணிக்குள் சூடு இருக்கிறவரைக்கும்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒன்றை எடுத்து நிறுத்தோம்: இருபத்தெட்டு கிராம்.
தராசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான்காம் வாரம்
பன்றிக் கொழுப்பும் உப்பும் இல்லாத கருப்பு அவரை.
எல்லோரும் மரியாதையாக விழுங்கினோம்.
அவர் மட்டும் கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
"இதைத் தின்று நூறு வயது இருக்கலாம் டாக்டர்.
நூறும் செவ்வாய்க்கிழமையாக இருக்கும்."

ஆறாம் வாரம் ஒரு பை காய்ந்த மிளகாயோடு வந்தார்.
உப்பு விட்டுப்போன இடத்தில்
கரியை வைத்துப் பார்க்கலாம் என்றார்.
"இதை வெட்டவெளியில்தான் கருக்குவார்கள்" என்றாள் பிரிசெய்தா.
"புகைபோக்கி இருக்கிறதே" என்றேன்.
நான்தான் சொன்னேன்.

முதலில் இருமியவர் இதய நிபுணர்.
பிறகு தாழ்வாரம் இருமியது.
பிறகு கூரையில் சிவப்பாக ஒன்று
விடாமல் அலறத் தொடங்கியது.

மூன்று தளமும் இறங்கி வந்தன:
சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு சிலர்,
சக்கர நாற்காலியில் சிலர்,
காலையில் பெற்ற பிள்ளையோடு ஒருத்தி,
கைக்குட்டைக்குள் முகம் புதைத்த இயக்குநர்.
கார் நிறுத்துமிடத்து ராமோன் மரத்தடியில்
அத்தனை பேரும் கண்ணீர் வழிய நிற்க
ஒரு குரல் கேட்டது, "யாருக்குக் கல்யாணம்?"
மூன்று நாளாகத் தட்டைத் திருப்பி அனுப்பிய
பதினேழாம் படுக்கைக்காரர்.
அந்த வாசம் விருந்துக்கு உரியதாம்.
எனக்குத் தெரியாது. நான் வடக்கே படித்தவள்.

அடுப்பை வெளியே தூக்கி வந்தோம்.
கரியை அரைத்து வான்கோழிச் சாற்றில் கரைத்தபோது
இரவைக் கலக்குவதுபோல் இருந்தது.
மூன்று விரலால் உப்பைக் கிள்ளினார் எலெயுதேரியோ.
அவசரமாகத் தராசை நீட்டினேன்.
இரண்டு கிராம், பதினாறு பேருக்கு.
தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்தபோது
பதினெட்டு பேர்.

இயக்குநரின் கடிதம் மறுநாள் வந்தது.
வகுப்பு இரண்டு வாரம் நிறுத்தம்.
பதினேழாம் படுக்கைக்காரர் தட்டைக் காலி செய்தார் என்பது
அதில் இல்லை.

திங்கட்கிழமை
எலெயுதேரியோவின் சர்க்கரை நூற்றெண்பத்தாறு.
இருவரும் அந்த எண்ணைப் பார்த்தோம்,
வராத பேருந்தின் சாலையைப் பார்ப்பதுபோல.
"வீட்டில் என்ன மாற்றினீர்கள்?" என்றேன்.
கொஞ்சம் வெட்கப்பட்டார்.
"மனைவி துணியைக் கிழித்துவிட்டாள்.
இப்போது பாதித் துணி.
பாதி ரொட்டிக்குத்தான் இடம்."

வெளியே வரிசை கதவைத் தட்டியது.
படிவத்தின் ஓரத்தில், கட்டமே இல்லாத இடத்தில்,
'துணி: பாதி' என்று எழுதினேன்.
முத்திரைக்காகக் கையை நீட்டியபோது
அங்கியின் கைமடிப்பிலிருந்து
இன்னும் அந்த மிளகாய்.
தும்மினேன்.
அவரும் தும்மினார்.